சின்னக் கார்டில் இல்லாத வரி

கல் வாங்கும்போது ஏமாறாமல் இருப்பது எப்படி என்று யாராவது என்னிடம் வாய் தவறிக் கேட்டுவிட்டால் தீர்ந்தது, அரை மணி நேரத்துக்கு விட மாட்டேன். கடை விளக்கில் பார்க்காதே, வாசலுக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் பார். பின்பக்கம் மூடிய நகையில் பதித்த கல்லை வாங்காதே, அடியில் வண்ணத்தாள் வைத்திருப்பான். விலை ரொம்பக் குறைவு என்றால் சந்தோஷப்படாதே, சந்தேகப்படு. இந்த விலை இன்றைக்கு மட்டும்தான் என்று அவசரப்படுத்துகிறவன் கடைக்கு மறுபடி போகாதே. எல்லாவற்றுக்கும் மேலாக, சோதனைக்கூடக் கார்டு இல்லாமல் எந்தக் கல்லையும் தொடாதே. இதையெல்லாம் நான் கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன், ஆஸ்பத்திரி வராந்தாவில் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கும் சொன்னேன். அவள் இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இறங்கிப் போனாள். என் தம்பி எனக்கு வைத்திருக்கும் பெயர் பிரசங்கி. அதிகப்பிரசங்கி என்று சொல்லாததே என் மேல் உள்ள மரியாதையால்தான் என்பான்.

நான் கல் சோதிக்கிறவள். இருபது வருஷமாக அதுதான் பிழைப்பு. எங்கள் கூடம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறது. மூன்று மைக்ராஸ்கோப், ஒரு தராசு, கால் ஆடுகிற ஒரு முக்காலி, வடக்கே பார்த்த ஒரு பெரிய ஜன்னல். படியேறி வரும் கல் வியாபாரிகள் மூச்சு வாங்கிக்கொண்டே பையிலிருந்து மடித்த வெள்ளைத்தாளை எடுத்துப் பிரிப்பார்கள். உள்ளே கல் இருக்கும். அது என்ன கல் என்று நான் சொல்ல வேண்டும்.

சொல்வதற்கு எங்களிடம் இரண்டு வழி உண்டு. ஒன்று முழு அறிக்கை. நாலு பக்கம், படம் எல்லாம் போட்டு, மூன்று நாள் ஆகும். இன்னொன்று, ஆறு வருஷத்துக்கு முன்னால் கொண்டுவந்த சின்னக் கார்டு. பஸ் பாஸ் அளவுக்குத்தான் இருக்கும், அன்றைக்கே கிடைக்கும். அதில் கல்லின் பெயர், எடை, நிறம், என் கையெழுத்து, அவ்வளவுதான். கல் இயற்கையா, செயற்கையா என்ற ஒரே ஒரு கேள்விக்கு அது பதில் சொல்லும். அந்த இயற்கைக் கல்லுக்கு அதற்கப்புறம் யார் என்ன செய்தார்கள் என்பதற்குக் கார்டில் இடம் கிடையாது. பின்பக்கத்தில், எறும்புகூடக் கண்ணாடி போட்டுத்தான் படிக்க வேண்டும் என்கிற எழுத்தில், ‘செய்யப்பட்ட மாற்றங்கள் ஆராயப்படவில்லை’ என்று ஒரு வரி இருக்கும்.

மாணிக்கத்தில் இது பெரிய விஷயம். மட்டமான மாணிக்கம் உள்ளே விரிசல் விரிசலாகக் கிடக்கும். அதை உருகிய கண்ணாடிக் குழம்பில் ஊறவைத்து எடுத்தால் விரிசலெல்லாம் அடைந்துபோய், மறுநாள் மகாராணி மாதிரி ஜொலிக்கும். மாணிக்கம் என்று விற்றால் பொய் இல்லை, நிஜ மாணிக்கம்தான். ஆனால் பாதி உடம்பு கண்ணாடி. மைக்ராஸ்கோப்பில் திருப்பித் திருப்பிப் பார்த்தால் ஒரு நீல மினுக்கல் வந்து போகும், தட்டையான காற்றுக் குமிழிகள் தெரியும். எனக்கு அது இரண்டு நிமிட வேலை. பார்த்ததையெல்லாம் குறிப்புத்தாளில் எழுதிவிடுவேன், அதில் என்னைக் குறை சொல்ல முடியாது. குறிப்புத்தாள் எங்கள் அலமாரிக்குப் போகும், கார்டு வியாபாரியோடு கடைக்குப் போகும்.

சின்னக் கார்டை மட்டும் கேட்கிற வியாபாரி ஏன் அதை மட்டும் கேட்கிறான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுதான் என் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஆறு வருஷமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

தம்பி போன் செய்த அன்று மேஜை நிறையக் கல் கிடந்தது, எனக்கு எரிச்சலாக இருந்தது. பத்தாவது கல்யாண நாளுக்கு மனைவிக்கு மாணிக்க மோதிரம் பார்த்து வைத்திருக்கிறானாம். பகல் வெளிச்சத்தில் பார்த்தானாம், பின்பக்கம் திறந்துதான் இருக்கிறதாம், விலையும் சந்தேகப்படும் அளவுக்குக் குறைவு இல்லையாம். என் பிரசங்கத்தையெல்லாம் எனக்கே ஒப்பித்தான். கடைசியில், “கார்டும் இருக்குக்கா. உங்க லேப் கார்டுதான், உன் கையெழுத்து” என்றான்.

சின்னக் கார்டா, பெரிய அறிக்கையா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் கையெழுத்து ஒரு கடையில் அவனுக்கு முன்னால் போய் நின்றது என்பதில் எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது.

“எங்க கார்டு இருந்தா கண்ணை மூடிட்டு வாங்குடா” என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அவனும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினான்.

மோதிரம் அவன் மனைவியின் விரலில் சுற்றிச் சுற்றி வந்ததால், அளவைக் குறைக்க ஒரு பட்டறையில் கொடுத்தார்கள். நகைக்கடைத் தெருவின் பின்னால், ஆறு பேர் ஆறு மேஜையில் உட்கார்ந்து வேலை செய்யும் நீளமான அறை அது. கல் பதிக்கிறவர் ஒருவர் அங்கே இருபத்திமூன்று வருஷமாக ஒரே மேஜையில் இருக்கிறார். படிக்கிற கண்ணாடியின் மேலேயே பூதக்கண்ணாடி ஒன்றையும் மாட்டிக்கொள்வதால் தெருவில் எல்லோருக்கும் அவர் ரெட்டைக் கண்ணாடி. மோதிரத்தை அறுத்து, ஒரு துண்டை எடுத்துவிட்டு, நெருப்பை ஊதி இரண்டு முனையையும் பற்றவைத்து, கறை போக ஆசிட்டில் போட்டிருக்கிறார். எடுத்துப் பார்த்தால் கல் முழுக்க வெள்ளை வெள்ளையாக விரிசல், தரையில் போட்டு மிதித்த மாதிரி.

தம்பி அதைப் பார்த்ததும் கத்தவில்லையாம். கத்தியிருந்தால்கூடத் தேவலாம். நிதானமாக ஒரு கணக்குப் போட்டிருக்கிறான். நிஜ மாணிக்கம் நெருப்புக்கு அசையாது என்று அக்கா சொல்லியிருக்கிறாள். நான் கொடுத்தது நிஜ மாணிக்கம் என்று அக்காவே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இந்தக் கல் நெருப்பில் கெட்டுப்போயிற்று. ஆகவே இது நான் கொடுத்த கல் இல்லை. ஆகவே இந்த ஆள் கல்லை மாற்றிவிட்டான். இதைப் பட்டறை முதலாளியிடம் ஒவ்வொரு படியாகச் சொன்னதும் முதலாளி தலையாட்டிவிட்டார். விஷயம் தெளிவாகிற வரைக்கும் மேஜைக்கு வர வேண்டாம் என்று ரெட்டைக் கண்ணாடியிடம் சொல்லிவிட்டார்.

என்னைத் தம்பி அங்கே கூட்டிக்கொண்டு போனது மறுநாள். சாட்சிக்கு.

நாங்கள் போனபோது ரெட்டைக் கண்ணாடி வாசல் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், வேறு யார் வீட்டுக்கோ வந்தவர் மாதிரி, கைகளைத் தொடைமேல் வைத்து உட்கார்ந்திருந்தார். தம்பி மனைவி என் காதருகே வந்து, “என் விரல் மெலிஞ்சு போனதாலதான் அண்ணி இவ்வளவும்” என்றாள். ஊரில் எல்லாரும் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்ள வரிசையில் நிற்கும்போது, உண்மையில் தப்புச் செய்த நான் மட்டும் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. கல்லைத் திருப்பினேன். நெருப்பும் ஆசிட்டும் தின்றது போக, விரிசலில் பாதிவழிக்கு அடைத்த கண்ணாடி இன்னும் மிச்சமிருந்தது, அதில் அந்த நீல மினுக்கல் ஒரு தடவை கண் சிமிட்டிவிட்டுப் போயிற்று.

“சொல்லுக்கா. இது நான் குடுத்த கல்லா?” என்றான் தம்பி.

ரெட்டைக் கண்ணாடி நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். முகத்தில் பயத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது. விஷயம் தெரிந்தவர்கள் வந்துவிட்டார்கள் என்ற நிம்மதி.

“நல்லாப் பாருங்க மேடம்” என்றார். “நான் யார் கல்லுக்கும் சும்மா நெருப்பு காட்ட மாட்டேன். கழட்டிட்டுத்தான் பத்தவைப்பேன். உங்க கார்டைப் பாத்தேன். உங்க கையெழுத்து எனக்குத் தெரியும். அதனாலதான் கழட்டாம வெச்சே ஊதினேன்.”

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன், ஆனால் வெளியே வந்தது வேறு. “லேப்ல வெச்சுப் பாத்தாதான் சொல்ல முடியும்” என்று மோதிரத்தையும் கார்டையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். குரல் ரொம்ப நியாயமான குரல். வியாபாரிகளிடம் பேசும்போது நான் வைத்துக்கொள்ளும் அதே குரல்.

அன்று சாயங்காலமே அலமாரியிலிருந்து குறிப்புத்தாளை எடுத்துப் பார்த்தேன். கார்டின் எண்ணை வைத்துத் தேடினால் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும். கல்லுக்குள் இருந்த கரும்புள்ளிகளையும் விரிசல்களையும் நானே பென்சிலால் வரைந்திருந்தேன். மோதிரத்தை மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். இடது ஓரத்தில் மூன்று புள்ளிகள், நடுவில் கொக்கி மாதிரி வளைந்த ஒரு விரிசல், எல்லாம் அப்படியே இருந்தன. ஒரே கல். யாரும் எதையும் மாற்றவில்லை. படத்தின் கீழே என் கையெழுத்தில், ‘நீல மினுக்கல் உண்டு. குமிழிகள். கண்ணாடி நிரப்பு அதிகம்.’ அதற்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, ‘சின்னக் கார்டு மட்டும்.’

வெட்கமாக இருந்தது. மறந்துபோய்ச் செய்த தப்பு என்றால் மன்னிப்புக் கேட்கலாம். இது வட்டம் போட்டுச் செய்த தப்பு.

இருந்தும் அடுத்த நாள் நான் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. எங்கள் அதிகாரியிடம் மட்டும் சொன்னேன். அவர் கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் நம் மேல் ஒரு தப்பும் இல்லையே என்றார். குறிப்புத்தாளை வெளியாருக்குக் காட்டுவது வழக்கமில்லை என்றும் நினைவுபடுத்தினார். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, ஆறு வருஷமாக நான் எனக்குச் சொல்லிக்கொண்ட அதே வாக்கியத்தை இன்னொருவர் வாயால் கேட்டபோது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்றுதான் தோன்றியது. அப்போதும் தைரியம் வரவில்லை. தம்பியின் முன்னால் நான் பிரசங்கியாகவே வாழ்ந்து பழகிவிட்டேன். அவன் முன்னால் தலை குனிவதைவிட அந்த மனிதர் இன்னும் இரண்டு நாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கட்டும் என்று என் மனசு நினைத்தது. நினைத்தது என்று எழுதவே கை கூசுகிறது. ஆனால் நினைத்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் தம்பி போன் செய்தான். உற்சாகமாக இருந்தான். பட்டறை முதலாளி அந்த ஆளை நாளையோடு நிறுத்திவிடப் போகிறாராம். கார்டில் கையெழுத்துப் போட்ட அம்மாவே நேரில் வந்து பார்த்துவிட்டு, ‘இது அதே கல்தான்’ என்று சொல்லவில்லையே, அது போதாதா என்று கேட்டாராம். தெருவில் மற்றப் பட்டறைகளுக்கும் சொல்லிவிட்டார்களாம், இனி யாரும் அவருக்கு ஒரு மேஜை தர மாட்டார்கள்.

“உன் பேரைச் சொன்னேன்க்கா, அவ்வளவுதான். வேற ஒண்ணும் பேசல” என்றான். “நீ மட்டும் இல்லன்னா என்னை நல்லா மொட்டையடிச்சிருப்பாங்க.”

நான் சும்மா இருந்ததையும் சாட்சியாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். காலையில் பட்டறைக்கு வா, மனைவியையும் கூட்டிக்கொண்டு வா என்று மட்டும் சொன்னேன்.

காலையில் எல்லோரும் இருந்தார்கள். ரெட்டைக் கண்ணாடி தன் உளி, ரம்பம், இடுக்கியெல்லாம் ஒரு துணியில் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். மற்ற ஐந்து பேரும் வேலை செய்வதுபோலக் குனிந்திருந்தார்கள். ஒருவருடைய அரமும் அசையவில்லை.

குறிப்புத்தாளை மேஜையில் விரித்தேன். மோதிரத்தைப் பக்கத்தில் வைத்தேன். முதலாளியிடம் லென்ஸைக் கொடுத்து மூன்று புள்ளிகளையும் கொக்கி விரிசலையும் காட்டினேன். தம்பியிடமும் கொடுத்தேன். அவன் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். இன்னும் புரியவில்லை.

“இது நீ குடுத்த கல்தான்” என்றேன். “இவர் மாத்தல. நான் கார்டு குடுக்கும்போதே இதுக்குள்ள பாதி கண்ணாடி. எனக்கு அன்னிக்கே தெரியும். இங்க எழுதியும் வெச்சிருக்கேன். கார்டுல போடல.”

“ஏன்க்கா போடல?”

“வியாபாரி கேக்கல. அதனால நானும் சொல்லல.”

கார்டின் பின்பக்க வரியையும், இரண்டு வகைச் சீட்டையும், சின்னதை மட்டும் கேட்டு வருகிறவர்கள் யார், ஏன் என்பதையும் எல்லாம் சொன்னேன். முதல் நாளே லென்ஸில் பார்த்தபோது தெரிந்துவிட்டது, ஆனாலும் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொன்னேன். தம்பி மனைவி என் கையைப் பிடிக்க வந்து, பாதி வழியில் நின்றுவிட்டாள்.

தம்பி லென்ஸை மேஜையில் வைத்தான். ரெட்டைக் கண்ணாடியிடம் போய் அவர் கையைத் துணிச்சுருளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மன்னிச்சிடுங்கண்ணே, மன்னிச்சிடுங்கண்ணே என்று திரும்பத் திரும்பச் சொன்னான். முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சரி சரி, உட்காருங்க, வேலையைப் பாருங்க என்றார். தெருவிலும் தானே சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்தார். அவருக்கு விஷயம் முடிந்துவிட்டது.

நான் ரெட்டைக் கண்ணாடியின் பக்கம் போனேன். மன்னிப்புக் கேட்க வார்த்தையெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. துணியைப் பிரித்துக் கருவிகளை அதன் அதன் இடத்தில் அடுக்கினார். இழுப்பறையைத் திறந்து, காகித உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து என் முன்னால் வரிசையாக வைத்தார். மொத்தம் ஏழு. ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புக்கல் மோதிரம், ஒரு சின்னக் கார்டு.

“வேலைக்கு வந்தது மேடம். ஏழுலயும் உங்க கையெழுத்து” என்றார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “எதுக்கு நெருப்பு காட்டலாம், எதுக்குக் காட்டக் கூடாது? இனிமே கார்டைப் பாத்து எனக்குத் தெரியாது. நீங்களே சொல்லிடுங்க.”

அவருடைய முக்காலியில் உட்கார்ந்தேன். விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதலாவது நல்ல கல். இரண்டாவதில் நீலம் மினுக்கியது. மூன்றாவதிலும் மினுக்கியது. ஏழும் முடிகிறபோது என் வலது கைப்பக்கம் நாலு உறை சேர்ந்திருந்தது. தம்பி பின்னால் நின்று அதை எண்ணிக்கொண்டிருந்தான் என்று திரும்பிப் பார்க்காமலேயே தெரிந்தது.

“இந்த நாலையும் தொடாதீங்கண்ணே” என்றேன்.

அவர் மேல்கண்ணாடியைக் கழற்றினார். “வாங்கினவங்ககிட்ட யாரு சொல்றது?”

போனை எடுத்தேன். அவர் அந்த நாலில் முதல் உறையின் மேல் எழுதியிருந்த நம்பரை நிதானமாகப் படித்தார். எடுத்தது ஒரு பெண். பட்டறையிலிருந்து பேசுகிறேன் என்றதும் மோதிரம் ரெடியா என்று கேட்டாள். அந்தக் கார்டில் கையெழுத்துப் போட்டவள் நான்தான் என்றேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். கார்டுக்கு உறை தைத்து வைத்திருந்ததாகவும், மகளுக்குக் கொடுக்கப் போகிற முதல் நகை இது என்றும் சொன்னாள். அப்புறம் சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல, “கல்லு நல்ல கல்லுதானேங்க?” என்றாள்.

“நிஜமான கல்லுதாம்மா” என்றேன்.

ஆறு வருஷமாக அந்த இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறேன். அவளும் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு போனை வைக்கப் போனாள்.

“வெச்சிடாதீங்கம்மா” என்றேன். “இன்னும் முடியல. அது நல்ல கல்லு இல்ல.”